நியூட்ரலில் ரைஸ் ஏறவில்லை என்று பம்ப்பைக் கழற்றாதீர்கள்

ஆயில் பிளக்கை இறுக்க மறப்பது, சூட்டோடு ரேடியேட்டர் மூடியைத் திறப்பது போன்றவற்றை இங்கே எழுதப் போவதில்லை. ஒருமுறை கை சுட்டால் அவை தானாகத் திருந்திவிடும். நின்றிருக்கும் வண்டியை ரைஸ் பண்ணுவதில், அதாவது ஆக்ஸிலேட்டரை மிதித்து எஞ்சின் வேகத்தை ஏற்றுவதில், நடக்கும் தவறுகள் அப்படி இல்லை. நாங்கள் தொழில் பழகிய காலத்தில் பட்டறையில் நடந்ததையே, வண்டிக்குள் கம்ப்யூட்டர் வந்த பிறகும் இன்றைய தம்பிகள் செய்கிறார்கள். ராமநாதபுரத்திலிருந்து ராமேஸ்வரம் வரை பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

இல்லாத கோளாறுக்குப் பாகம் மாற்றுவது

தங்கச்சிமடத்தில் வாடகைக் கார் வைத்திருக்கும் ஒருவர், ஆடி அமாவாசை நெருங்கும் நேரத்தில் என்னிடம் வந்தார். பெட்ரோல் வண்டி. வேறொரு பட்டறையில் சர்வீஸ் விட்டிருக்கிறார். அங்கே வேலை பழகும் பையன், வண்டியை நியூட்ரலில் நிறுத்தி ஆக்ஸிலேட்டரை முழுதாக மிதித்திருக்கிறான். எஞ்சின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று (ஆர்பிஎம்) என்று காட்டும் முள் 4000-ஐத் தொட்டதும் எஞ்சின் படபடவென்று விக்கி அங்கேயே நின்றிருக்கிறது. பெட்ரோல் வரத்து குறைவு என்று முடிவு கட்டி முதலில் ஃபில்டரை மாற்றினார்கள். பிறகு டேங்குக்குள் இருக்கும் பம்ப், அதற்குப் பிறகு எஞ்சினுக்குக் காற்றைத் திறந்துவிடும் த்ராட்டில் பாடி. முள் அதே 4000. கடைசியில் எஞ்சினை நடத்தும் கம்ப்யூட்டரான இசியு போய்விட்டது என்று சொல்ல, பயந்துபோய் வண்டியை எடுத்து வந்துவிட்டார்.

"ரோட்ல நல்லாத்தாண்ணே ஓடுது. நிக்கும்போது மட்டும்தான் ஏற மாட்டேங்குது" என்றார்.

கோளாறு எதுவும் இல்லை என்பது அந்தப் பேச்சிலேயே தெரிந்துவிட்டது. உச்சிப்புளி தாண்டி, ஆளில்லாத நேரான சாலையில் இரண்டாவது கியரில் ஏற்றிப் பார்த்தேன். முள் ஒரு தடங்கலும் இல்லாமல் 5500-ஐத் தாண்டியது. அக்னி தீர்த்தத்துக்கு வெளியூர்க் கூட்டம் வந்து இறங்கும் நாட்களில், சம்பாதிக்க வேண்டிய வண்டி ஜாக்கியில் நின்றிருக்கிறது. மாட்டிக் கழற்றிய எலக்ட்ரிக்கல் பாகத்தைக் கடைக்காரர் திரும்ப எடுக்கவும் மாட்டார். இன்னும் நினைத்தால் எனக்குக் கோபம் வருகிறது. பையனுக்குத் தெரியாமல் போனது குற்றமில்லை. சாலையில் ஒருமுறை ஓட்டிப் பார்க்காமல் ஸ்பேனரைத் தூக்கியதுதான் குற்றம்.

இப்போது வரும் பல கார்களில், வண்டி நின்றிருக்கும்போது எஞ்சின் வேகத்துக்குத் தனி வரம்பு வைத்திருக்கிறார்கள். பெட்ரோல் வண்டிகளில் பெரும்பாலும் 4000-ஐ ஒட்டி இருக்கும், மாடலுக்கு மாடல் மாறும். எல்லா வண்டியிலும் இது இருக்காது. சக்கர சென்சார் வேகம் பூஜ்யம் என்கிறது, கியர் நியூட்ரலில் இருப்பதாகவோ கிளட்ச் மிதிபட்டிருப்பதாகவோ சுவிட்ச் சொல்கிறது. இரண்டையும் வைத்து இசியு முடிவெடுக்கிறது. பெடலுக்கும் த்ராட்டிலுக்கும் நடுவே இப்போது கேபிள் இல்லை. எவ்வளவு மிதித்தாலும் த்ராட்டிலை எவ்வளவு திறப்பது என்பதை இசியுதான் தீர்மானிக்கும். சில வண்டிகள் த்ராட்டிலை மெதுவாக மூடும், அப்போது முள் அசையாமல் நிற்கும். சில வண்டிகள் பெட்ரோலை விட்டு விட்டு நிறுத்தும். மிஸ்ஃபயர் போல, அதாவது பெட்ரோல் சரியாக எரியாமல் விடுபடுவது போல, விக்கும் சத்தம் அதனால்தான் வருகிறது. தம்பிகள் ஏமாறும் இடமும் அதுதான்.

எதற்காக இந்த வரம்பு? நம் கடற்கரையில் படகில் போன எவருக்கும் இது புரியும். படகு அலைமேல் ஏறி, புரொப்பெல்லர் தண்ணீரை விட்டு வெளியே வந்தால் எஞ்சின் சட்டென்று கத்தும். டிரைவர் உடனே த்ராட்டிலைக் குறைப்பார். தள்ளுவதற்குத் தண்ணீர் இல்லாத எஞ்சினைத் தடுக்க எதுவும் இல்லை. நியூட்ரலில் நிற்கும் காருக்கும் அதே நிலைமைதான். லேசாக மிதித்தாலே முள் ஓடிவிடும்.

6000 ஆர்பிஎம் என்றால் நொடிக்கு 100 சுற்று. அதற்குள் ஒவ்வொரு பிஸ்டனும் 200 முறை நின்று திரும்ப வேண்டும். வேகம் இரண்டு மடங்கானால், பிஸ்டனைத் திருப்பி இழுக்க கனெக்டிங் ராடு தாங்கும் விசை நான்கு மடங்காகும். 3000-க்கும் 6000-க்கும் உள்ள வித்தியாசம் அவ்வளவு பெரியது. இதோடு, வண்டி நிற்பதால் ரேடியேட்டருக்கு எதிர்க்காற்று கிடையாது, ஃபேன் மட்டும்தான். புகை, சத்தம், வாரண்டிச் செலவு என்று கம்பெனிக்கும் தன் கணக்கு உண்டு. ஒருமுறை முள் சிவப்பைத் தொட்டதால் எஞ்சின் உடைந்துவிடாது. ஆனால் நின்ற இடத்தில் அந்த வேகம் யாருக்கும் தேவையில்லை. தேவையில்லாத ஆபத்தை எதற்கு விட்டுவைக்க வேண்டும் என்றுதான் அடைத்துவிட்டார்கள்.

உண்மையான கோளாறைப் பிரித்தறிவது கஷ்டமில்லை. பெட்ரோல் வரத்து குறைந்தால் சாலையில் மேடு ஏறும்போது, ஆள் நிறைந்திருக்கும்போது முதலில் தெரியும். கோளாறைக் கண்ட இசியு தானே சக்தியைக் குறைத்து ஓட்டும் லிம்ப் மோடில் வண்டி விழுந்திருந்தால் பெரும்பாலும் எஞ்சின் விளக்கு எரியும், ஓடும்போதும் இழுக்காது. வரம்பு என்றால் விளக்கு எரியாது, ஒவ்வொரு முறையும் அதே எண்ணில்தான் நிற்கும். ஸ்கேனரில் லைவ் டேட்டாவைத் திறந்து வையுங்கள். பெடல் முழுதாக மிதிபட்டிருக்க, த்ராட்டில் தானே மூடிக்கொண்டால் இசியு தன் வேலையைச் சரியாகச் செய்கிறது. பில் புத்தகத்தைத் தொடும் முன் இதைப் பார்த்துவிடுங்கள்.

வரம்பை எடுத்துவிடச் சொல்வது

முடியும். செய்யாதீர்கள்.

காலையில் செல்ஃப் எடுத்ததும் ரைஸ்

"நம்ம ஊர்லதான் குளிரே இல்லையேண்ணே" என்பார்கள். மண்டபத்தில் விடிகாலை 27 டிகிரி இருக்கலாம். எஞ்சின் ஓட வேண்டிய சூடு 90-ஐ ஒட்டியது. இரவெல்லாம் ஆயில் எஞ்சின் அடியில் இருக்கும் சம்ப்பில் இறங்கிக் கிடக்கிறது. மேலே கேம்ஷாஃப்ட் வரை, டர்போ இருந்தால் அதன் பேரிங் வரை அது போய்ச் சேர வேண்டும். அலுமினிய பிஸ்டன் சுற்றியுள்ள பிளாக்கைவிடச் சீக்கிரம் சூடேறி விரியும். நின்று ரைஸ் பண்ணிச் சூடேற்ற வேண்டாம். அரை நிமிடம் விட்டு, மெதுவாக ஓட்டிக்கொண்டே சூடேற்றுங்கள்.

ரைஸ் பண்ணி ஆஃப் செய்வது

பழைய கார்புரேட்டர் காலத்துப் பழக்கம். டர்போ டீசலில் இதைச் செய்தால், டர்போ வேகமாகச் சுற்றிக்கொண்டிருக்கும்போதே ஆயில் அழுத்தம் நின்றுவிடும். விட்டுவிடுங்கள்.

ஆட்டோமேட்டிக்கில் நியூட்ரலில் ரைஸ் பண்ணி டி போடுவது

கியர்பாக்ஸ் போய்விடும்.

ஏசி குளிரவில்லை என்று நின்றபடியே மிதிப்பது

பாம்பன் பாலத்திலும் அரிச்சல்முனையிலும் தினமும் நடக்கிறது. ரைஸ் பண்ணினால் கம்ப்ரஸர் வேகமாகச் சுற்றிக் கொஞ்சம் குளிரும், உண்மைதான். ஆனால் நம் பக்கத்து வண்டிகளில் உப்புக்காற்றும் மணலும், ஏசியின் சூட்டை வெளியே விடும் கண்டன்ஸரின் தகட்டை அடைத்து அரித்திருக்கும். அதை நல்ல தண்ணீரில், குறைந்த அழுத்தத்தில் கழுவுங்கள். ஃபேன் ஓடுகிறதா என்றும் பாருங்கள். சீமைக்கருவேலச் சருகும் காய்ந்த புல்லும் கிடக்கிற இடத்தில் வண்டியை நிறுத்தி ரைஸ் பண்ணவே கூடாது. அடியில் இருக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரின் சூட்டுக்குச் சருகு தீப்பிடிக்கும்.

மணலில் சிக்கிய வண்டியை வரம்போடு குழப்புவது

முகுந்தராயர்சத்திரத்திலிருந்து அரிச்சல்முனைக்கு 2017-இல் சாலை வந்த பிறகும், ஓரத்து மணலில் இறக்கிச் சிக்குகிறவர்கள் உண்டு. மிதித்தும் எஞ்சின் அடங்கிப்போனால் அது நின்ற வண்டிக்கான வரம்பு இல்லை. சக்கரம் வழுக்குவதைப் பார்த்து ட்ராக்‌ஷன் கண்ட்ரோல் சக்தியைக் குறைக்கிறது. அதை அணைத்துவிட்டு, டயர் காற்றை 18 பிஎஸ்ஐ அளவுக்கு இறக்கி, சக்கரத்தின் முன்னால் இருக்கும் மணலை ஒதுக்கிவிட்டு மெதுவாக நகர்த்துங்கள். மிதிக்க மிதிக்க இன்னும் புதையும்.

டீசல் புகைச் சோதனைக்கு அப்படியே கொண்டுபோவது

நின்ற வண்டியை முழுதாக மிதிக்க வேண்டிய ஒரே நியாயமான இடம் இது. நியூட்ரலில் சட்டென்று மிதித்து, எஞ்சின் நின்றபடி தொடக்கூடிய உச்ச வேகம் வரை ஏறும்போது வரும் புகையை அளப்பார்கள். குளிர்ந்த வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தாதீர்கள். ஓட்டிச் சூடேற்றிக்கொண்டு போங்கள், ஆயில் 60 டிகிரியாவது தொட்டிருக்க வேண்டும். டைமிங் பெல்ட் உள்ள வண்டி என்றால், அதை மாற்றிய கிலோமீட்டரைச் சோதனைக்கு முன்பே பாருங்கள். காலம் கடந்த பெல்ட் அந்த மிதியில் அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும்.