கத்தரிக்காய்ப் புழுவுக்கு மைக்ரோசாட்டலைட் மார்க்கர் உருவாக்குவது எப்படி

ஒட்டன்சத்திரம் பக்கம் எந்த மருந்துக்கும் அசராத கத்தரிக்காய்ப் புழு (தண்டையும் காயையும் துளைக்கும் ஒரு அந்துப்பூச்சியின் புழுப் பருவம்) உருவானால், அது வேலூர் முள்ளுக்கத்தரி வரை போய்ச் சேருமா, இல்லை அந்த வட்டாரத்தோடு நின்றுவிடுமா? அந்துப்பூச்சி தானே பறக்கும் தூரம் ஒரு பக்கம், காய்க்குள் இருந்தபடி லாரியில் மார்க்கெட் மார்க்கெட்டாகப் போகும் தூரம் இன்னொரு பக்கம். இரண்டும் சேர்ந்து எவ்வளவு கலப்பு நடக்கிறது என்று அளக்கத்தான் மைக்ரோசாட்டலைட் மார்க்கர். டிஎன்ஏவில் சிஏ, சிஏ, சிஏ என்று ஒரே துண்டு அடுத்தடுத்து வரும் இடங்கள் இவை. எத்தனை முறை வருகிறது என்பது பூச்சிக்குப் பூச்சி மாறும்.

முதலில் சேகரிப்பு. இங்கே சறுக்கினால் பின்னால் எந்த மென்பொருளும் காப்பாற்றாது. வாடித் தொங்கும் நுனித்தண்டைத் தேடுங்கள், கழிவு அடைத்த சின்ன ஓட்டை தெரியும், பிளேடால் நீளவாக்கில் கீறினால் உள்ளே வெளிர் ரோஜா நிறப் புழு. ஒரு செடிக்கு ஒரு புழுதான், அதுவும் தள்ளித் தள்ளி நிற்கும் செடிகளில், ஏனென்றால் பக்கத்துப் பக்கத்துச் செடியில் கிடைப்பவை ஒரே தாயின் முட்டைகளாக இருக்கலாம், அப்புறம் ஒரு குடும்பத்தையே ஊர் என்று எண்ணிவிடுவோம். ஓர் ஊருக்கு 25 முதல் 30 புழு போதும். உடனே 95 சதவீத எத்தனாலில் போட்டு, மறுநாள் எத்தனாலை மாற்றுங்கள். குடலை நீக்கிவிட்டு டிஎன்ஏ எடுங்கள், இல்லையென்றால் கத்தரிச் செடியின் டிஎன்ஏவும் கூடவே வரும். உள்ளே ஒட்டுண்ணிக் குளவியின் புழு இருந்தால் அந்த மாதிரியையே விட்டுவிடுங்கள். இனக்கவர்ச்சிப் பொறியில் விழுந்த பூச்சிகளை நம்ப வேண்டாம்: அதில் ஆண் மட்டுமே விழும், வெயிலில் நாள் கணக்கில் காய்ந்ததில் டிஎன்ஏ உடைந்திருக்கும்.

இனத்தை அடையாளம் காட்டும் சிஓஐ ஜீனைப் படித்து இனத்தை உறுதி செய்துவிட்டு, ஒரே ஒரு பூச்சியின் டிஎன்ஏவை இல்லுமினா என்ற வரிசை படிக்கும் கருவியில் மேலோட்டமாகப் படித்தாலே தேவைக்கு மேல் இடங்கள் கிடைக்கும். மிசா என்ற மென்பொருளில் இந்த இடங்களைத் தேடுங்கள், பிரைமர்3 என்ற மென்பொருளில் 100 முதல் 300 பேஸ் (டிஎன்ஏ எழுத்து) நீளத் துண்டு வரும்படி பிரைமர் (இரு பக்கமும் ஒட்டி நடுவில் உள்ளதை நகலெடுக்க உதவும் சிறு டிஎன்ஏ துண்டு) போடுங்கள். இதுவரை சுலபம்.

சிக்கல் அந்துப்பூச்சியின் ஜீனோமில் இருக்கிறது. மைக்ரோசாட்டலைட்டின் இரு பக்கமும் உள்ள வரிசை பல இடங்களில் நகல் நகலாகக் கிடக்கும், அதனால் பிரைமர் கண்ட இடத்தில் ஒட்டி, நகல்களை நீளவாரியாகப் பிரிக்கும் ஜெல்லில் ஏணி மாதிரி பட்டை பட்டையாக வரும். பிரைமர் ஆர்டர் செய்வதற்கு முன்பே பக்க வரிசைகளை ஒன்றோடொன்று பிளாஸ்ட் என்ற ஒப்பீட்டு மென்பொருளில் ஒப்பிட்டு, ஒத்துப்போவதை எல்லாம் தயங்காமல் கழியுங்கள். மீதியை வெவ்வேறு ஊரைச் சேர்ந்த எட்டுப் பூச்சிகளில் பிசிஆர் (டிஎன்ஏவை நகலெடுத்துப் பெருக்கும் முறை) செய்து பாருங்கள். துண்டின் நீளத்தைக் கருவி படிக்க ஒளிர்சாயம் வேண்டும், ஆனால் ஒவ்வொரு பிரைமருக்கும் தனியாக வாங்க வேண்டாம், எம்13 என்ற பொதுவான சிறு வரிசையை வாலாக முன்பக்கப் பிரைமரில் சேர்த்து, சாயம் ஏற்றிய ஒரே எம்13 பிரைமரை எல்லாவற்றுக்கும் பயன்படுத்தலாம், செலவு நன்றாகக் குறையும்.

அடுத்து ஹார்டி-வைன்பெர்க் சோதனை, அதாவது பூச்சிகள் தற்செயலாக இணைந்தால் வரவேண்டிய விகிதத்தோடு ஒப்பிடுவது. ஒரு மார்க்கரில் ஒரே அல்லீல் (அந்த இடத்தின் ஒரு வடிவம், இங்கே ஒரு நீளம்) காட்டும் பூச்சிகள் எதிர்பார்த்ததைவிட அதிகமாக இருந்தால், உடனே உள்ளினக் கலப்பு (நெருங்கிய உறவுக்குள் இணைவது) என்று எழுதிவிடாதீர்கள். பிரைமர் ஒட்டும் இடத்திலேயே மாற்றம் இருந்து ஒரு அல்லீல் தெரியாமல் போயிருக்கலாம், இது அந்துப்பூச்சிகளில் ரொம்ப சாதாரணம். இல்லையென்றால் மார்க்கர் பாலினத்தோடு தொடர்புள்ள இசட் குரோமோசோமில் இருக்கலாம். ஆணுக்கு இசட் இரண்டு, பெண்ணுக்கு ஒன்றுதான். பாலினம் தெரிந்த வளர்ந்த பூச்சிகளில் ஓட்டிப் பாருங்கள்: ஆண்களில் பல இரண்டு அல்லீல் காட்டி, பெண் எல்லாமே ஒன்று மட்டும் காட்டினால் அது இசட். புழுவில் பாலினம் பார்ப்பது கடினம் என்பதால் அந்த மார்க்கரை ஒதுக்குவதே நல்லது.

என் கணக்கில் முப்பது அரைகுறை மார்க்கரைவிடப் பன்னிரண்டு சுத்தமான மார்க்கர் மேல். பத்தில் ஒரு மாதிரியையாவது மறுபடி ஓட்டி அல்லீல் அளவு அப்படியே வருகிறதா என்று பாருங்கள், அதன்பின் பூச்சிகளைக் கலப்பின்படி கூட்டம் கூட்டமாகப் பிரிக்கும் ஸ்ட்ரக்சர் மென்பொருளில் போடலாம். முடிவுகளை வெளியிடும்போது வேலை செய்யாத பிரைமர்களையும் காரணத்தோடு பட்டியலில் சேருங்கள், அடுத்து இதே பூச்சியில் இறங்குகிறவருக்குப் பணமும் நேரமும் மிச்சம்.