பழைய ஸ்காட்லாந்து நகரசபைப் பதிவேடுகளைப் படிப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஸ்காட்லாந்தின் பழைய ஊர் ஒன்றில் விலைவாசி எப்படி ஏறியது என்று பார்க்க, நகரசபைப் பதிவேட்டில் ரொட்டி விலையைத் தேடுவார்கள். ஆண்டுக்கணக்கில் ஒரே விலைதான் இருக்கும். அதைப் பார்த்துவிட்டு "விலை நிலையாக இருந்தது" என்று எழுதினால் தவறு. அங்கே மாறியது விலை அல்ல, எடை. கோதுமை விலை ஏறினால், இந்த ஒரு பென்னி ரொட்டி இனி இத்தனை அவுன்ஸ் இருந்தால் போதும் என்று சபை அறிவிக்கும். இறங்கினால் எடையைக் கூட்டும். அதனால் எடையைத்தான் வருடவாரியாகக் குறித்துக்கொள்ள வேண்டும்.

இந்தப் பதிவேடுகள் பெரிய பொக்கிஷம். அபர்தீன் நகரத்தின் பதிவேடுகள் 1398-இல் தொடங்குகின்றன. 1511 வரையிலான பக்கங்களை வரிக்கு வரி படித்து எழுதி, இணையத்தில் இலவசமாகவே வைத்திருக்கிறார்கள். மீன் சந்தை, கடன் தகராறு, பக்கத்து வீட்டுச் சண்டை என்று ஓர் ஊரின் அன்றாடம் முழுக்க உள்ளே இருக்கிறது. யார் வேண்டுமானாலும் படிக்கலாம், ஆனால் கொஞ்சம் கவனம் வேண்டும்.

இருப்பதிலேயே பெரிய தவறு, இன்றைய நகராட்சியை மனதில் வைத்துக்கொண்டு படிப்பது. சபையின் தலைவர் புரோவஸ்ட். அவருக்கு அடுத்தவர்கள் பெய்லிகள். ரொட்டி எடையை நிர்ணயித்த அதே பெய்லிகள்தான், எடை குறைத்து விற்ற ரொட்டிக்காரரை விசாரித்து அபராதமும் போட்டார்கள். சபையும் நீதிமன்றமும் ஒரே கையில் இருந்தன. டோல்பூத் என்ற கட்டடத்தில் சுங்கம் வாங்கும் இடம், சபை கூடும் அறை, சிறை எல்லாம் ஒன்றாக இருந்தன.

சரி, இவர்களை யார் தேர்ந்தெடுத்தார்கள்? ஊர் மக்கள் அல்ல. பதவி முடிந்து போகும் சபையே புதிய சபையைத் தேர்ந்தெடுக்கும் என்று 1469-இல் சட்டம் வந்தது. 1833-இல் சீர்திருத்தச் சட்டம் வரும்வரை அந்த முறைதான் அடிப்படை. 16-ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் அபர்தீனின் புரோவஸ்ட் பதவி மிங்கிஸ் என்ற ஒரே குடும்பத்திடம் இருந்ததற்கு இந்த முறை நன்றாகவே கைகொடுத்தது. அதோடு, ஊரில் கடை வைக்கும் உரிமை 'பர்ஜெஸ்' என்று சேர்க்கப்பட்டவர்களுக்கு மட்டும்தான். அதற்குக் கட்டணம் கட்டி உறுதிமொழி எடுக்க வேண்டும். ஊரில் வாழ்ந்தவர்களில் பெரும்பாலோர் பர்ஜெஸ் அல்ல. "நகர மக்கள் முடிவெடுத்தார்கள்" என்று எழுதும் முன் இதை நினைத்துப் பாருங்கள்.

அந்தக் குடும்பப் பெயரின் எழுத்திலேயே இன்னொரு சிக்கல் இருக்கிறது. மிங்கிஸ் என்ற பெயரை ஆங்கிலத்தில் எழுதும்போது நடுவில் 'இசட்' வரும். பழைய ஸ்காட் மொழியில் அங்கே வேறோர் எழுத்து இருந்தது. அச்சகத்தில் அதற்கு அச்சு இல்லாததால் வடிவில் ஒத்த இசட்டைப் போட்டார்கள். நம் 'ழ'வை ஆங்கிலத்தில் எழுதப் படும் பாடு தெரிந்தவர்களுக்கு இது உடனே புரியும். பதிவேட்டு மொழி லத்தீனும் ஸ்காட்டும்தான். ஆங்கில அகராதியை மட்டும் நம்பினால் 'ஸ்டென்ட்' போன்ற சொல்லில் மாட்டிக்கொள்வீர்கள். அங்கே அது ஊரார்மீது பகிர்ந்து போட்ட வரி.

பணத்துக்கு வருவோம். 'பவுண்டு' என்று கண்டதும் இங்கிலாந்துப் பவுண்டு என்று எடுத்துக்கொள்ளக்கூடாது. 1603 முதல் 12 ஸ்காட்லாந்துப் பவுண்டு சேர்ந்தால்தான் ஓர் இங்கிலாந்துப் பவுண்டு. மெர்க் என்பது 13 ஷில்லிங் 4 பென்ஸ், அதாவது ஸ்காட்லாந்துப் பவுண்டில் மூன்றில் இரண்டு பங்கு. 1620-இல் ஒருவருக்கு 100 மெர்க் அபராதம் என்றால், இங்கிலாந்துக் கணக்கில் ஐந்தரைப் பவுண்டு சொச்சம்தான்.

அளவுகளும் அப்படியே. ஸ்காட்லாந்துப் பைன்ட் சுமார் 1.7 லிட்டர், இன்றைய பிரிட்டிஷ் பைன்ட்டைப் போல மூன்று மடங்கு. பைன்ட்டின் மூல அளவு ஸ்டர்லிங்கிலும், தானிய அளவு லின்லித்கோவிலும், எடைக்கல் லானார்க்கிலும், துணி அளக்கும் கோல் எடின்பரோவிலும் இருந்தன.

தேதியில்தான் பலர் சறுக்குகிறார்கள். ஸ்காட்லாந்தில் 1599 வரை புத்தாண்டு மார்ச் 25-இல் பிறந்தது. 1600 முதல் ஜனவரி 1. ஆகவே பதிவேட்டில் 1497 பிப்ரவரி என்றிருந்தால் நம் கணக்கில் அது 1498. இங்கிலாந்து 1752 வரை பழைய முறையை விடவில்லை. அதனால்தான் முதலாம் சார்லஸ் மன்னரின் தலை வெட்டப்பட்ட ஜனவரி 30, எடின்பரோவில் 1649, லண்டன் ஆவணங்களில் 1648.

கடைசியாக, ஆணையை நடந்த நிகழ்ச்சியாக எடுத்துக்கொள்வது. 1497 ஏப்ரலில், பிரான்சிலிருந்து வந்த புதிய நோய்க்கு, அதாவது சிஃபிலிசுக்கு அஞ்சி, அபர்தீன் சபை ஓர் ஆணை போட்டது. பாலியல் தொழில் செய்யும் பெண்கள் அதை விட்டுவிட்டு வேறு வேலை செய்து பிழைக்க வேண்டும். மீறினால் பழுக்கக் காய்ச்சிய இரும்பால் கன்னத்தில் சூடு, அப்புறம் ஊரைவிட்டு வெளியேற்றம். படிக்கும்போதே மனம் பதறும். ஆனால் இந்த வரி சொல்வது சபை என்ன மிரட்டியது என்பதை மட்டும்தான். பன்றிகளைத் தெருவில் விடாதே, வாசலில் குப்பைமேடு போடாதே என்ற ஆணைகள் திரும்பத் திரும்ப வந்தால், யாரும் கேட்கவில்லை என்றுதான் பொருள். ஆணை நிறைவேறியதா என்று அறிய, அதன்பின் வரும் விசாரணைப் பதிவுகளில் யார் பெயர், என்ன தண்டனை என்று பார்க்க வேண்டும். பொருளாளரின் கணக்கு எஞ்சியிருந்தால், தண்டனையை நிறைவேற்றியவருக்குக் கூலி கொடுத்த குறிப்பு அதில் இருக்கிறதா என்றும் தேடுங்கள்.