குளியலறை திருத்த ஆள் பிடிக்கும் முன்

ஒன்ராறியோவில் முதல் வீடு வாங்கினதும் பேஸ்மென்ட்டைத் திருத்துவோம், குளியலறையை மாற்றுவோம் என்று எல்லோருக்கும் ஆசை வரும். உடனே யாராவது "எங்கட ஆள் ஒருத்தர் இருக்கிறார், காசாகக் குடுத்தால் குறைச்சுச் செய்வார்" என்பார்கள். நானும் அப்படித்தான் ஒருவரைப் பிடித்தேன். மேல்மாடிக் குளியலறையை முடித்துவிட்டு அவர் போன மூன்றாம் நாள், கீழே குசினிக் கூரையில் தேத்தண்ணிக் கறை மாதிரி ஒரு வட்டம். அடுத்த நாள் அது சாப்பாட்டுக் கோப்பை அளவுக்கு வந்து நடுவில் தொய்ந்துவிட்டது. குழாய் மூட்டைச் சரியாக இறுக்கவில்லை.

காப்புறுதிக் கம்பனி முதலில் கேட்டது, வேலை செய்தவருக்குப் பொறுப்புக் காப்புறுதி, அதாவது அவரால் மற்றவருக்கு வரும் சேதத்துக்குப் பணம் தரும் காப்புறுதி, இருக்கிறதா என்றுதான். இல்லை. ரசீதும் இல்லை.

இதை நன்றாக விளங்கிக்கொள்ளுங்கள்: பிழையாகச் செய்த வேலையைத் திருத்த உங்கள் வீட்டுக் காப்புறுதி பொதுவாகப் பணம் தராது. அந்தப் பிழையால் நனைந்த கூரைக்கும் ஊறிய தரைக்கும் தரலாம், அதுவும் டிடக்டிபிளை (நீங்கள் கையால் கட்டவேண்டிய பங்கை) கழித்துத்தான், கிளெய்ம் உங்கள் பெயரில்தான் பதிவாகும். கொன்ட்ராக்டருக்குக் காப்புறுதி இருந்தால் கொடுத்த பணத்தை உங்கள் கம்பனி அங்கே கேட்டு வாங்கப் பார்க்கும்.

அதனால் முற்பணம் கொடுக்கும் முன்பே காப்புறுதிச் சான்றிதழைக் கேளுங்கள். 2 மில்லியன் டொலர் என்பது வழமையான அளவு. அவர் போனில் காட்டும் படத்தை நம்பாமல் அதில் இருக்கும் புரோக்கரை நீங்களே அழைத்து, இன்றைக்கும் அது நடைமுறையில் இருக்கிறதா என்று கேளுங்கள். ஒப்பந்தத்தில் உள்ள பெயரும் சான்றிதழில் உள்ள பெயரும் ஒன்றாக இருக்கவேண்டும். ஆட்களை வைத்துச் செய்பவரென்றால் டபிள்யூ.எஸ்.ஐ.பி. (வேலையிடக் காயங்களுக்கான காப்புறுதிச் சபை) கிளியரன்ஸும், அதாவது அவர் அங்கே பதிந்து கட்டணம் கட்டி வருகிறார் என்ற சான்றும், பாருங்கள், இணையத்தில் இலவசம். மின்வேலைக்கு ஆள் வைத்தால் இ.எஸ்.ஏ. (மின் பாதுகாப்பு ஆணையம்) உரிமம் உள்ள கொன்ட்ராக்டரைத்தான் வைக்கலாம், அது சட்டம்.

அவருடைய காப்புறுதியும் மோசமான வேலையைத் திரும்பச் செய்யப் பணம் தராது. அதற்கு உங்கள் கையில் இருப்பது கடைசிப் பணம்தான். அது தவிர, கொன்ஸ்ட்ரக்ஷன் சட்டப்படி 10 சதவீதத்தைப் பிடித்து வைக்கவேண்டும், அது கொன்ட்ராக்டர் தன் ஆட்களுக்கோ பொருள் தந்தவர்களுக்கோ பணம் கொடுக்காமல் விட்டால் அவர்களுக்காக; யாரும் கோபித்தாலும் பிடித்து வையுங்கள்.

பெரிய வேலையென்றால் தொடங்கும் முன் உங்கள் காப்புறுதிக் கம்பனிக்கும் சொல்லிவிடுங்கள், முக்கியமாக வீட்டைக் காலி செய்துவிட்டுச் செய்வதென்றால்.

சரி, சேதம் வந்துவிட்டதா? பிரதான தண்ணீர் வால்வைப் பூட்டுங்கள், படம் எடுங்கள், அன்றைக்கே கம்பனியை அழையுங்கள், கொன்ட்ராக்டருக்கு எழுத்தில் அறிவியுங்கள். ஸ்மோல் கிளெய்ம்ஸ் கோர்ட்டுக்கு (சிறு தொகை வழக்குகளுக்கான நீதிமன்றத்துக்கு) போக பொதுவாக 2 வருடம் இருக்கிறது. கழற்றிய ட்ரைவோல் (சுவர், கூரைப் பலகை) துண்டை, சேதத்தைக் கணிக்கக் காப்புறுதிக் கம்பனி அனுப்பும் அட்ஜஸ்டர் வந்து பார்க்கும்வரை எறியாதீர்கள், நான் எறிந்துவிட்டு நிறைய விளக்கம் சொல்லவேண்டி வந்தது.