பஸ்ஸுக்கு முந்தி பெர்மிட்

வன்னியில் மல்லாவிப் பக்கத்துப் பெடியள் என்னிடம் வந்து கேட்பது ஒரே கேள்விதான். "அண்ணை, ஒரு றோசா பஸ் விலைக்கு நிற்குது, எடுக்கலாமோ?" நான் திருப்பிக் கேட்பதும் ஒன்றுதான். "எந்த றூட்டுக்கு?" பாதிப் பேர் அந்த இடத்திலேயே முழிப்பார்கள்.

நானும் முழித்தவன்தான். 2011 இல் லீசிங்கில் 29 சீற் பஸ் ஒன்றை எடுத்து, வீட்டு முற்றத்துப் பாலை மரத்துக்குக் கீழே கொண்டுவந்து விட்டேன். வழித்தட அனுமதியான பெர்மிட் பின்னால் வரும் என்று ஒருவர் சொன்னதை நம்பினேன். எட்டு மாதம் அது வரவில்லை, தவணை மட்டும் நாள் தவறாமல் வந்தது. மனிசியின் காப்பு அடைவுக்குப் போனது. பின் சீற்றில் கோழி ஒன்று அடை கிடந்து பதினொரு குஞ்சு பொரித்தது. அந்த எட்டு மாதத்தில் அந்த பஸ்ஸால் நடந்த நல்ல காரியம் அது ஒன்றுதான்.

ஆகவே முதல் வேலை, எந்தக் கந்தோருக்குப் போக வேண்டும் என்று தெளிவது. உங்கள் ஓட்டம் வட மாகாணத்துக்குள்ளேயே தொடங்கி முடிந்தால், உதாரணமாக துணுக்காயிலிருந்து மாங்குளம் வழியாக வவுனியா, அல்லது முல்லைத்தீவிலிருந்து பரந்தன் வழியாக யாழ்ப்பாணம், அது மாகாண வீதிப் பயணிகள் போக்குவரத்து அதிகாரசபையின் கையில். மாகாண எல்லையைத் தாண்டினால், அதாவது வவுனியா – அனுராதபுரம், முல்லைத்தீவு – திருகோணமலை, கொழும்பு ஓட்டம் போன்றவை, 1991 ஆம் ஆண்டின் 37 ஆம் இலக்கச் சட்டத்தால் வந்த தேசிய போக்குவரத்து ஆணைக்குழுவின் கையில். அதன் கந்தோர் கொழும்பு நாரகேன்பிட்டியில். தூரத்தைப் பார்த்து ஏமாற வேண்டாம். வவுனியாவிலிருந்து மதவாச்சி கிட்டத்தான், ஆனால் இடையில் மாகாணம் மாறுகிறது. இந்த வித்தியாசம் தெரியாமல் கொழும்புக்கு இரவு பஸ் ஏறி, ஒரு பகல் வரிசையில் நின்று, அடுத்த இரவு வெறுங்கையோடு திரும்பிய ஒருவரை எனக்குத் தெரியும்.

பெர்மிட் என்று நாங்கள் சொல்லும் பயணிகள் சேவை அனுமதிப்பத்திரம் கேட்டவுடன் கிடைக்கிற பொருள் அல்ல. வழித்தடத்துக்கு பஸ் தேவை என்று அதிகாரசபை முடிவெடுத்து, கேள்வி மனு (டெண்டர்) கோரி, அதில் தெரிவானவருக்குத்தான் வரும். அப்படியென்றால் அறிவித்தல் வரும்வரை சும்மா இருப்பதா? இல்லை. தேவை இருக்கிறது என்று காட்டுகிற வேலையை ஊர்தான் செய்ய வேண்டும். கிராம அபிவிருத்திச் சங்கமும் பாடசாலை அபிவிருத்திச் சங்கமும் தனித்தனியே கடிதம் எழுதட்டும். கிராம சேவையாளரின் உறுதிப்படுத்தலோடு பிரதேச செயலகத்துக்குப் பிரதி போகட்டும். மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டத்தில் யாராவது அதை எழுப்பினால் இன்னும் நல்லது. கடிதத்தில் "எம் மக்கள் பெரும் இன்னல்படுகின்றனர்" என்று எழுதுவதால் ஒன்றும் நகராது. எண்ணிக்கை எழுதுங்கள்.

எண்ணிக்கை எடுப்பது எப்படி? நான் ஒரு தேத்தண்ணிக் கடை வாங்கில் கொப்பியோடு மூன்று நாள் இருந்தேன். ஒரு சாதாரண நாள், ஆஸ்பத்திரியில் கிளினிக் உள்ள ஒரு நாள், ஒரு சனிக்கிழமை. காலை ஐந்தரையிலிருந்து பத்து மணி வரை சந்திக்கு வந்தவர் எத்தனை, எங்கே போகிறார், எதில் போகிறார் என்று கோடு போட்டேன். வன்னியில் பஸ்ஸை நிரப்புவது கிளினிக்கும் பள்ளிக்கூடமும்தான். மற்ற ஆம்பிளையள் எல்லாருக்கும் மோட்டச்சைக்கிள் இருக்கிறது. இது தெரியாமல் கேள்வி மனுவில் பெரிய தொகை போட்டு பெர்மிட் எடுத்தவர்கள் ஒரு வருடத்தில் ஓய்ந்துபோனார்கள். எண்ணெய்க் கணக்கையும் சேர்த்துப் பாருங்கள். என் வண்டி தார் றோட்டில் லீற்றருக்கு ஆறு கிலோமீற்றர் போகும். ஐயன்கன்குளம் பக்கத்துக் கிரவலில் ஐந்துகூட வராது. மாரியில் அதுவும் இல்லை.

இன்னொருவருடைய பெர்மிட்டை வாடகைக்கு எடுத்து ஓடுவது எல்லா இடமும் நடக்கிறது. செய்யாதீர்கள். அதிகாரசபையின் எழுத்துச் சம்மதம் இல்லாமல் கை மாறினால் உழைப்பு உங்களுடையது, உரிமை அவருடையது. விபத்து ஒன்று நடந்தால் அப்புறம் யார் பதில் சொல்வது? மாகாணங்களுக்கிடையே பெர்மிட் இல்லாமல் ஓடிப் பிடிபட்டால் முன்பு 10,000 ரூபாயாக இருந்த தண்டம் இப்போது 2 இலட்சம்.

பெர்மிட் கைக்கு வருவது உறுதியான பிறகு பஸ்ஸைப் பாருங்கள். காப்புறுதி, புகைப் பரிசோதனை, வாகனத் தகுதிச் சான்றிதழ், இவை மூன்றும் இருந்தால்தான் வருமான அனுமதிப்பத்திரம். அதைப் பிரதேச செயலகத்தில் எடுக்கலாம். எல்லாவற்றுக்கும் வருடாவருடம் புதுப்பிப்பு உண்டு, பெர்மிட்டுக்கும்தான். முடிகிற திகதிகளைச் சுவரில் எழுதி வையுங்கள். எங்கள் வீட்டில் அது சாமிப்படத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. றோசா, கோஸ்ரர் போன்ற சின்ன பஸ்ஸுக்குச் சாரதியிடம் டி1 வகுப்பு வேண்டும், பெரிய லேலண்டுக்கு டி. கொண்டக்டரையும் பதிவு செய்ய வேண்டும். மச்சானை ஏற்றிவிட்டால் சரி என்று நினைக்காதீர்கள்.

இனி நேர அட்டவணை. தனியாருக்கும் அரசின் இலங்கைப் போக்குவரத்துச் சபைக்கும் (இ.போ.ச.) வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் நடந்த இழுபறியைப் பார்க்காதவர் இங்கே இல்லை. இரண்டு பகுதிக்கும் இணைந்த அட்டவணை போட்டால்தான் இருவரும் பிழைக்கலாம் என்பது என் எண்ணம். சக உரிமையாளர்கள் சிலருக்கு இந்தக் கதை பிடிக்காது. உங்களுக்குத் தரும் நேரத்தை எழுத்தில் வாங்குங்கள். "அவருக்குப் பின்னால் பத்து நிமிசம்" என்று டைம்கீப்பர் வாயால் சொன்னது அடுத்த டைம்கீப்பர் வந்ததும் காற்றோடு போய்விடும்.

அரச உதவிக்கு வருவோம். ஆட்கள் குறைந்த, ஓடினால் நட்டம் வருகிற கிராமப்புற வழிகளுக்குத் தேசிய போக்குவரத்து ஆணைக்குழுவின் கெமி செரிய என்ற உதவித் திட்டம் இருக்கிறது. பள்ளிப் பிள்ளைகளுக்கு 2005 இல் தொடங்கிய சிசு செரிய என்ற பஸ் சேவைத் திட்டம். இரண்டும் இ.போ.ச.வுக்கு மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள், தனியாருக்கும் உண்டு. சிசு செரியவில் சீருடையோடு ஏறும் பிள்ளை குறைந்த கட்டணம் தரும், ஓட்டத்துக்கான மீதியை அரசு தரும். தினமும் காலையில் ஐந்து கிலோமீற்றர் சைக்கிள் உழக்குகிற பிள்ளைகள் உள்ள ஊருக்கு இதைவிடப் பெரிய உதவி இல்லை. யானை நிற்கிற றோட்டில் அந்தச் சைக்கிள் ஓட்டத்தை நினைத்துப் பாருங்கள். விண்ணப்பத்துக்கு எத்தனை பிள்ளை, எந்த இடத்தில் ஏறுகிறது, மணி அடிக்கிற நேரம் என்ன என்று அதிபரிடம் எழுதி வாங்குங்கள். அவரே இதில் உங்களுக்கு முதல் துணை.

உதவிப்பணம் உண்மையில் தங்கியிருப்பது ஒரு கொப்பியில். ஓடின நாள், புறப்பட்ட நேரம், கிலோமீற்றர், பாடசாலையின் கையெழுத்து, எல்லாம் அன்றன்றே விழ வேண்டும். மாத முடிவில் ஒரே பேனையால் முப்பது நாளையும் நிரப்பினால் பார்க்கிறவருக்குத் தெரியாமல் போகாது. ஓடாத நாளை ஓடாத நாள் என்றே எழுதுங்கள். ஒருமுறை அச்சு முறிந்து நான்கு நாள் நின்றோம், அப்படியே எழுதினேன், அந்த நான்கு நாள் காசுதான் போனது. இன்னொன்று, இந்தக் காசு பிந்தி வரும். இரண்டு மூன்று மாதத்து டீசலுக்குக் கையில் காசு இல்லாதவர் இதில் இறங்க வேண்டாம்.

கடிதம் கொடுத்தால் பிரதியில் திகதி முத்திரை வாங்குங்கள். பாலை மரத்துக் காலத்தில் என் விண்ணப்பம் ஒரு கந்தோரில் "வரவே இல்லை" என்று ஆனது, என்னிடம் முத்திரை இல்லை, சண்டை பிடிக்கவும் வழி இல்லை. இப்போது 2016 ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. "இந்த வழித்தடத்தில் எத்தனை பெர்மிட், யாருக்கு எந்த நேரம், என் விண்ணப்பம் எந்த நிலையில்" என்று எழுதிக் கேளுங்கள். தருவதா இல்லையா என்று 14 வேலை நாளுக்குள் முடிவு சொல்லவேண்டியது அவர்கள் கடமை. கோபப்பட்டு எழுத வேண்டாம், இலக்கமிட்டு மூன்று கேள்வி போதும்.

கட்டணத்தை நீங்கள் தீர்மானிக்க முடியாது. வழமையாக யூலையில் திருத்தம் வரும். 2022 யூலையில் ஆகக் குறைந்த கட்டணம் 32 இலிருந்து 40 ரூபாய்க்கு ஏறியது, அப்புறம் இறங்கியது. இறங்கும்போது பழைய அட்டையைத் தொங்கவிட்டுக் காசு வாங்கினால் சனம் ஆணைக்குழுவின் முறைப்பாட்டுத் தொலைபேசி இலக்கமான 1955 க்கு அடிக்கும். அடிப்பதும் நியாயம்.

கடைசியாக, மடுத் திருவிழாவுக்கும் வற்றாப்பளைப் பொங்கலுக்கும் உங்கள் வழியை விட்டு ஓட நினைத்தால் அதற்குத் தற்காலிக அனுமதி தனியே எடுக்க வேண்டும். பொங்கலுக்கு இரண்டு கிழமைக்கு முந்தியே விண்ணப்பத்தைக் கொடுத்துவிடுங்கள். முதல் நாள் போனால் அந்தக் கந்தோர் வாசலில் உங்களைப் போல இன்னும் இருபது பேர் நிற்பார்கள்.