ஆர்சி (ரிமோட்ல ஓட்டுற) காருக்கு 7.2 வோல்ட் பேட்டரி பேக் நாமே கட்டுறது எப்படி

ரெடிமேட் பேக்ல ஒரே ஒரு செல் செத்துப்போனாலும் மொத்த பேக்கையும் தூக்கிப் போட வேண்டியதா இருக்கு, மீதி 5 செல்லும் நல்லாத்தான் இருக்கும். அதனாலதான் நான் சொந்தமா கட்ட ஆரம்பிச்சேன். இங்க சொல்றது சப்-சி சைஸ் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு செல் 6 வச்சு கட்டுற பேக் மட்டும்தான். ஒரு செல் 1.2 வோல்ட், 6 செல் சீரீஸ்ல 7.2 வோல்ட். செல் 3000 எம்ஏஹெச்னா பேக்கும் 3000தான், வோல்டேஜ் மட்டும்தான் கூடும். லிப்போ (லித்தியம் பாலிமர் பேட்டரி) பத்தி கடைசில சொல்றேன்.

முதல்ல செல்லை ஜோடி சேருங்க

6 செல்லும் ஒரே பிராண்ட், ஒரே கெப்பாசிட்டி, ஒரே வயசா இருக்கணும். பழைய பேக்ல இருந்து ரெண்டு, புதுசு நாலுன்னு கலக்காதீங்க. ஏன்னா சீரீஸ்ல எல்லா செல் வழியாவும் ஒரே கரண்ட்தான் ஓடுது, பலவீனமான செல் முதல்ல காலியாகும், காலியான பிறகும் மத்த அஞ்சும் அது வழியா கரண்ட்டை தள்ளிக்கிட்டே இருக்கும், அந்த செல்லோட போலாரிட்டியே தலைகீழா மாறி செத்துடும். டிஸ்சார்ஜ் பண்ணி எவ்வளவு எம்ஏஹெச் வெளிய வந்துச்சுன்னு காட்டுற சார்ஜர் இருந்தா ஒவ்வொரு செல்லையும் அளந்து மேலயே மார்க்கர்ல எழுதிடுங்க, நம்பர் கிட்டக்கிட்ட இருக்குற ஆறை எடுங்க.

அடுக்குறது

ஆறையும் பக்கத்துல பக்கத்துல நிக்க வச்சு, ஒண்ணு விட்டு ஒண்ணு தலைகீழா அடுக்குங்க. மேல் பக்கம் பார்த்தா பிளஸ், மைனஸ், பிளஸ், மைனஸ்னு வரணும். கீழ்ப்பக்கம் 1-2, 3-4, 5-6 இணைப்பு, மேல் பக்கம் 2-3, 4-5 இணைப்பு. மொத்தம் 5 பார் (ரெண்டு செல்லை இணைக்கிற உலோகப் பட்டை). முதல் செல்லோட பிளஸும் ஆறாவது செல்லோட மைனஸும் மேலயே மிச்சம் நிக்கும், ஒயர் அங்கதான் வரும். மூணு மூணா நீளவாக்குல முட்ட வச்சு சால்டர் பண்ற ஸ்டிக் பேக் முதல் தடவைக்கு வேண்டாம், அதுக்கு செல்லை நேரா பிடிச்சு வைக்கிற ஜிக்கும், சால்டரிங் அயர்னுக்கு சுத்தியல் மாதிரி டிப்பும் வேணும். செல்லுங்களை ஒட்ட, காஞ்சப்புறம் ரப்பர் மாதிரி ஆகுற பசைதான் என் சாய்ஸ். ஹாட் க்ளூ பேக் சூடாகும்போது இளகிடும்.

ஒரு விஷயம் நிறைய பேருக்கு தெரியல: செல்லோட உடம்பு முழுக்க மைனஸ். பிளஸ் பட்டனைச் சுத்தி இருக்குற விளிம்பு கூட மைனஸ்தான், நடுவுல சின்ன பிளாஸ்டிக் வளையம்தான் பிரிக்குது. பார் அந்த விளிம்பைத் தொட்டுச்சுன்னா நேரா ஷார்ட். அதனால ஒவ்வொரு பிளஸ் முனையிலயும் ஒட்டுற பேப்பர் இன்சுலேட்டர் வளையம் போடுங்க. மோதிரம், வாட்ச் கழட்டிடுங்க, கண்ணுக்கு பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கோங்க. செல்லுல எப்பவுமே சார்ஜ் இருக்கும், ஆஃப் பண்ண சுவிட்ச் கிடையாது.

சால்டரிங், இங்கதான் பொறுமை வேணும்

எனக்கு ரொம்ப நாள் சரியா வராம இருந்த ஸ்டெப் இது. செல்லுக்கு சூடு ஆகாதுன்னு எல்லாரும் சொல்வாங்க, அதைக் கேட்டு சின்ன 25 வாட் சால்டரிங் அயர்ன் எடுத்தா வேலை கெடும். செல்லோட உலோக டப்பா சூட்டை உறிஞ்சிக்கிட்டே இருக்கும், சின்ன டிப் உடனே ஆறிடும், ஈயம் உருகவே உருகாது, நாம அழுத்திப் பிடிச்சுக்கிட்டே இருப்போம், அந்த நேரத்துல சூடு உள்ள பிளஸ், மைனஸ் தகடுகளைப் பிரிக்கிற செபரேட்டர் வரைக்கும் போயிடும். பெரிய அயர்ன்தான் செல்லைக் காப்பாத்தும். 80 வாட்டுக்கு மேல, அகலமான உளி டிப், 400 டிகிரி பக்கம் வச்சு, ரெண்டு மூணு செகண்ட்ல தொட்டு எடுத்துடணும். ஈயம் 63/37 (63% வெள்ளீயம், 37% காரீயம்), உள்ள ரோசின் ஃப்ளக்ஸ் உள்ளது. 183 டிகிரியில பட்டுனு உருகி பட்டுனு இறுகும், அதனால எனக்கு வேற எதுவும் பிடிக்கல. குழாய் வேலைக்கு போடுற ஆசிட் ஃப்ளக்ஸ் கிட்டயே கொண்டு வராதீங்க, அரிச்சுடும்.

முனையை உப்புத்தாளால தேய்ச்சு மங்கலாக்குங்க, ஆல்கஹால்ல துடைங்க, ரோசின் ஃப்ளக்ஸ் கொஞ்சம் தடவி, ஈயம் ஒரு மெல்லிய மேடா பரவுற மாதிரி விடுங்க. மணியா உருண்டு நின்னா ஒட்டலன்னு அர்த்தம், திரும்ப தேய்க்கணும். பிளஸ் பட்டன் ஓரத்துல கேஸ் வெளிய போற சின்ன ஓட்டைங்க இருக்கும், அதை அடைச்சுடாதீங்க. எல்லா முனையும் முடிச்சு முழுசா ஆறட்டும். பார்ல ரெண்டு முனையிலயும் ஈயம் பூசிட்டு, செல் மேல வச்சு, அயர்னை மேல இருந்து அழுத்துங்க, ரெண்டு ஈயமும் ஒண்ணா உருகினதும் அயர்னை எடுத்துட்டு மரக்குச்சியால பாரை அசையாம பிடிங்க. சரியா வரலன்னா அப்பவே திரும்ப வைக்காதீங்க, செல் கையில தொடுற அளவுக்கு ஆறுனப்புறம்தான்.

ஒயருக்கு முன்னாடி மீட்டர்

பார் எல்லாம் முடிஞ்சதும் மல்டிமீட்டர் வைங்க. செல் ஒண்ணு 1.25 காட்டுதுன்னா மொத்தம் 7.5 வரணும். 5 காட்டுச்சுன்னா ஒரு செல் திரும்பி நிக்குது, அது தன்னோட பங்கைக் கொடுக்காததோட இன்னொரு செல்லோட பங்கையும் தின்னுடுது.

ஒயர் 12 கேஜ் சிலிக்கான், கனெக்டர் எக்ஸ்டி60. பழைய தமியா கனெக்டர் அதிக கரண்ட்ல சூடாகுது, வேண்டாம். குழி உள்ள பக்கம்தான் பேட்டரிக்கு, பின் வெளிய தெரியுற பக்கம் காருக்கு. சால்டர் பண்ணும்போது எதிர்ப்பக்க கனெக்டரை மாட்டி வைங்க, இல்லன்னா பிளாஸ்டிக் இளகி பின் சாஞ்சுடும். அந்த எதிர்ப்பக்கம் வேற எதோடயும் இணைஞ்சிருக்கக் கூடாது. ஒரு ஒயரை முடிச்சு ஹீட் ஷ்ரிங்க் போட்டப்புறம்தான் அடுத்த ஒயரோட முனையை உரிக்கணும். ரெண்டையும் சேர்த்து ஒரே கட்டர்ல வெட்டுறது நேரடி ஷார்ட்.

மேல பெரிய ஹீட் ஷ்ரிங்க் போட்டு சூடு காட்டுங்க, அவ்வளவுதான்.

முதல் சார்ஜ் மெதுவா. 3000 எம்ஏஹெச்னா 300 மில்லிஆம்பியர், 14 முதல் 16 மணி நேரம். முன்னாடியே நிரம்பின செல் இந்த மெதுவான கரண்ட்டை தாங்கிக்கும், பின்தங்கினது வந்து சேர்ந்துக்கும். அப்புறம் சார்ஜரோட நிக்கல் மோட்ல 3 ஆம்பியர் வரைக்கும் போகலாம். லிப்போ மோட்ல மட்டும் போடவே கூடாது.

பின்னாடி சேர்த்தது

18650 லித்தியம் செல்லுக்கு இதே முறை ஆகுமான்னு கேக்குறாங்க. ஆகாது. அதுக்கு நிக்கல் பட்டை வச்சு ஸ்பாட் வெல்டிங்தான், அயர்ன் சூடு பட்டா தீப்பிடிக்கிற அளவுக்கு போகலாம். லிப்போ ரெடிமேடா வாங்கிடுங்க.

இன்னொருத்தர் புது பேக் போட்டும் கார் வேகம் எடுக்கும்போது விக்கி விக்கி நிக்குதுன்னு சொன்னார். பேக்ல கோளாறு இல்ல, ஈஎஸ்சி (மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்துற சர்க்யூட்) லிப்போ கட்-ஆஃப் செட்டிங்ல இருந்துச்சு. ஆக்சிலரேட் பண்ணும்போது நிக்கல் பேக் வோல்டேஜ் சட்டுனு இறங்கும், ஈஎஸ்சி அதைப் பார்த்து பேட்டரி காலின்னு நினைச்சு பவரைக் குறைக்குது. செட்டிங்கை நிக்கலுக்கு மாத்தினதும் சரியாயிடுச்சு. ஆனா மாத்தினப்புறம் கார் வேகம் நல்லா குறையுதுன்னு தெரிஞ்ச உடனே ஓட்டுறதை நிறுத்திடுங்க, செல்லுக்கு 0.9 வோல்ட்டுக்கு கீழ இறங்க விடாதீங்க.