எம்பி3 பிளேயரில் பாடல் வரிசையைச் சரிசெய்த விதம்

லினக்ஸ் கணினியிலிருந்து என் எம்பி3 பிளேயருக்குப் பாடல்களை நகலெடுத்தால், ஆல்பத்தின் ஏழாவது பாடல் முதலில் ஒலிக்கும். கோப்புப் பெயர்களின் முன்னால் 01, 02 என்று எண்ணிட்டும் பலனில்லை. அந்தப் பிளேயர் பெயரைப் பார்ப்பதே இல்லை; அதன் நினைவகத்தில் கோப்புகளை ஒழுங்குபடுத்தும் ஃபேட்32 (FAT32) அமைப்பின் அட்டவணையில் கோப்புகள் பதிவான வரிசையிலேயே இசைக்கிறது. கணினியோ பெயர்வாரியாக அடுக்கிக் காட்டுவதால் கோளாறு கண்ணில் படாது.

அந்த அட்டவணையையே பெயர்வாரியாக அடுக்கும் ஃபேட்சார்ட் (fatsort) என்ற கட்டற்ற மென்பொருள்தான் கைகொடுத்தது. கேபிளைப் பிடுங்காமல் பிளேயரை அன்மவுன்ட் செய்து (அதன் கோப்புகளைக் கணினி பயன்படுத்தாதபடி விடுவித்து), வட்டுகளைப் பட்டியலிடும் எல்எஸ்பிஎல்கே (lsblk) கட்டளையால் அதன் வட்டுப் பகுதியின் (பார்ட்டிஷன்) பெயரைக் கண்டறிந்தேன். (இதில் அவசரம் கூடாது, பெயர் தவறினால் வேறு வட்டில் கைவைத்துவிடுவோம்.) பிறகு நிர்வாகி உரிமையுடன் ஃபேட்சார்ட்டை இயக்கினேன். அட்டவணையை மட்டுமே மாற்றி எழுதுவதால் விரைவில் முடிந்தது. புதிய பாடல்கள் சேர்த்தால் மறுபடி இயக்க வேண்டும். கணினிக்கு வட்டாகத் தெரியாமல் கோப்புகளை மட்டும் பரிமாறும் எம்டிபி (MTP) முறையில் மட்டும் இணையும் பிளேயர்களுக்கு இவ்வழி உதவாது.