ஜொள்ளு வடிந்து கன்னம் புண்ணாகும் குழந்தைக்கு என்ன பூசுவது, எப்போது பூசுவது

மூன்று, நான்கு மாதத்தில் ஜொள்ளு ஆரம்பிக்கும். பல் முளைக்கப்போகிறது என்பார்கள். பல் எட்டிப்பார்க்க இன்னும் சில மாதங்கள் ஆகலாம். எச்சில் ஊறுவது கூடிவிட்டது, அதை விழுங்கத்தான் குழந்தை இன்னும் பழகவில்லை. மிச்சமெல்லாம் வாயோரமாக வழிந்து மோவாய், கன்னம், கழுத்து மடிப்பு என்று இறங்குகிறது. அங்கேதான் முதலில் சிவக்கும், பிறகு சொரசொரப்பாகும். மார்கழிக் குளிரோ ஏசிக் காற்றோ சேர்ந்தால் மெல்லிய கோடுகளாக வெடிக்கும்.

எச்சிலில் உணவைச் செரிக்க உதவும் நொதிகள் இருக்கின்றன. அது தோலில் ஊறி நிற்பது ஒரு தொல்லை. காயும்போது தோலின் சொந்த ஈரத்தையும் கொண்டுபோவது இன்னொரு தொல்லை. குழந்தையின் மேல்தோல் நம்முடையதைவிட மெல்லியது, ஈரத்தைச் சீக்கிரம் இழந்துவிடும். இவ்வளவும் போதாதென்று நாம் துண்டால் இழுத்து இழுத்துத் துடைக்கிறோம். ஊறுகிறது, காய்கிறது, உரசுகிறது. கன்னம் புண்ணாக வேறு காரணமே வேண்டாம். அதனால் இதற்கு மருந்தைத் தேடுவதற்கு முன் மறைப்பைத் தேட வேண்டும்: எச்சில் வருவதற்கு முன்பே தோலின் மேல் ஒரு படலம் இருக்க வேண்டும்.

அந்தப் படலத்துக்கு வாசனை சேர்க்காத வெள்ளை பெட்ரோலியம் ஜெல்லியை, அதாவது சாதாரண வாஸலினை விஞ்ச எதுவும் இல்லை. விலை குறைவு, எரியாது, கொஞ்சம் வாய்க்குள் போனாலும் கெடுதல் இல்லை. ‘பேபி லோஷன்’ என்று வருபவற்றில் தண்ணீர்தான் அதிகம். ஜொள்ளின் முன் அது நிற்காது. வெடித்த தோலில் போட்டால் சில லோஷன்கள் எரியவும் செய்யும்.

துடைப்பது, பூசுவது

பழைய பருத்தி வேட்டியை உள்ளங்கை அளவுக்குப் பத்துப் பதினைந்து துண்டாக வெட்டி, அலசி, வெயிலில் காயப் போட்டு வையுங்கள். வாசனை ஈரத்தாள்களைவிட இது மேல். ஒரு துண்டை வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்துப் பிழிந்து கன்னத்தில் ஒற்றி எடுங்கள், இழுக்காதீர்கள். ராகிக் கஞ்சி காய்ந்து ஒட்டியிருந்தால் ஈரத்துணியை அதன்மேல் அரை நிமிடம் வைத்திருங்கள். ஊறியதும் தானாக வழுக்கி வந்துவிடும். நகத்தால் சுரண்டினால் பருக்கையோடு தோலும் உரியும்.

பிறகு உலர்ந்த துணியால் ஒற்றுங்கள். கழுத்து மடிப்பை விரலால் விரித்து, உள்ளேயும் ஒற்றிவிட்டு, பத்து எண்ணும் நேரம் காற்றாட விடுங்கள். அதன் பிறகுதான் வாஸலின். பலருக்கும் தவறுவது இந்த இடத்தில்தான். ஜொள்ளு ஈரத்தின் மேலேயே வாஸலினை அப்பினால் எச்சிலை உள்ளே வைத்துப் பூட்டியது போலாகும். ‘வாஸலின் போட்டும் சரியாகவில்லை’ என்ற புகாருக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

அளவுக்கு ஒரு கணக்கு உண்டு. ட்யூபிலிருந்து பெரியவர் ஆள்காட்டி விரலின் நுனிக்கணு நீளத்துக்குப் பிதுக்கினால் ஏறத்தாழ அரை கிராம் வரும். நான்கைந்து மாதக் குழந்தையின் முகம், கழுத்து முழுவதற்கும் அது போதும். வாயைச் சுற்றியும் மோவாயிலும் மட்டும் என்றால் ஒரு பட்டாணியில் பாதி. விரல்நுனியில் தேய்த்து இளக்கி, தோலில் தேய்க்காமல் ஒற்றி ஒற்றி வையுங்கள். லேசாகப் பளபளத்தால் சரியான அளவு. திட்டுத் திட்டாகத் தெரிந்தால் அதிகம். தூசி ஒட்டும், புழுக்கமான நாளில் வேர்க்குருவும் வரும். டப்பாவில் இருப்பது என்றால் எச்சில் விரலை உள்ளே விடாமல் சுத்தமான ஸ்பூன் காம்பால் எடுங்கள்.

எப்போது? பால் கொடுப்பதற்கு முன், சாப்பாட்டுக்கு முன், தூங்கப் போடுவதற்கு முன், வெளியே காற்றில் தூக்கிப்போவதற்கு முன். எல்லாமே ‘முன்’ என்பதைக் கவனியுங்கள். சாப்பிட்டு முடித்த பிறகு துடைத்துவிட்டுப் பூசுவதும் நல்லதுதான். ஆனால் தக்காளிச் சாறு ஏற்கனவே கன்னத்தில் தன் வேலையைக் காட்டியிருக்கும். ஒரு நாளைக்கு ஐந்தாறு முறை ஆகிவிடும். வெறும் ஜொள்ளுப் புண் என்றால் மூன்று நான்கு நாளில் சிவப்பு அடங்குவது தெரியும்.

பிப், அதாவது கழுத்தில் கட்டும் எச்சில் துணி, நனைந்த உடனே மாற்ற வேண்டும். ஈர பிப் கழுத்தில் கிடப்பதற்கு பிப் இல்லாமல் இருப்பதே தேவலை. தூங்கும்போது பிப்பைக் கட்டாயம் கழற்றிவிடுங்கள், கழுத்தை இறுக்கும் ஆபத்து உண்டு. படுக்கை விரிப்பு எச்சிலில் நனைந்தால் விரிப்பையே மாற்றுங்கள். தலைக்கடியில் தனித்துணி மடித்து வைக்க வேண்டாம், அது முகத்தை மூடிவிடக்கூடும். ரப்பர் சூப்பான் வாயில் இருந்தால் அதன் தட்டுக்குக் கீழே ஈரம் தேங்கும். அந்த வட்டத்தில் மட்டும் சிவந்திருந்தால் குற்றவாளி யாரென்று தெரிந்துவிட்டது.

குளியல்

பாட்டி ஊற்றும் சுடுதண்ணீரைப் பற்றிப் பேசாமல் முடியாது. கன்னம் வெடித்திருக்கும் நாட்களில் முழங்கையை விட்டுப் பார்த்தால் சுடாத அளவு, அதாவது 37, 38 டிகிரி போதும். ஐந்து முதல் பத்து நிமிடத்தில் முடித்துவிடுங்கள். முகத்துக்கு சோப்பு தேவையே இல்லை. போர் தண்ணீர் உப்பாக இருந்தால் முகத்துக்கு மட்டும் குடிக்கும் தண்ணீரைக் காய்ச்சி ஆற வைத்துப் பயன்படுத்தலாம். துவட்டி மூன்று நிமிடத்துக்குள், தோல் லேசாக ஈரமாக இருக்கும்போதே, வாசனையற்ற கெட்டியான மாய்ஸ்சரைசர் தடவி, வாய்ப்பக்கம் வாஸலினும் வைத்துவிடுங்கள். இங்கே மட்டும் ஈரத்தின் மேல் பூசலாமா என்றால், ஆம். அது நல்ல தண்ணீர், எச்சில் அல்ல.

கடலை மாவும் பயத்த மாவும் இப்போது வேண்டாம். குருணை உரசும் என்பது பாதிக் காரணம். மீதி: உடைந்த தோல் வழியாக உணவுப் பொருளின் புரதம் உள்ளே போனால், உடல் அதை எதிரியாகப் பழகிக்கொள்ள வாய்ப்பு உண்டு. பிரிட்டனில் 2003இல் வெளியான ஓர் ஆய்வு, நிலக்கடலை எண்ணெய் கலந்த களிம்புகளைத் தோலில் பூசிய குழந்தைகளுக்கும் பின்னாளில் வந்த நிலக்கடலை அலர்ஜிக்கும் தொடர்பு இருப்பதைக் காட்டியது. சாப்பிடும் பொருள் வயிற்று வழியாக அறிமுகமாகட்டும், புண் வழியாக வேண்டாம்.

எண்ணெயில் தேங்காய் எண்ணெய் பரவாயில்லை, ஆனால் ஜொள்ளோடு வழிந்தோடிவிடும் என்பதால் வாஸலினுக்கு மாற்று ஆகாது. ஆலிவ் எண்ணெய்க்கு இருக்கும் பெயர் அதற்குத் தகாது. அதிலுள்ள ஒலிக் அமிலம் மேல்தோலின் கொழுப்பு அடுக்கைக் குலைக்கும். கடுகெண்ணெய் எரிச்சல் தரும். தேனை உதட்டில் தடவவே கூடாது: ஒரு வயதுக்குள் தேன் வாய்க்குப் போனால் பொட்டுலிசம் என்ற நச்சு நோய் வரலாம். பவுடர் மூச்சில் போகும், மடிப்பில் கட்டிக்கொள்ளும்.

கவனிக்காமல் விடுபவை

திருஷ்டிப் பொட்டு. கன்னத்தில் மை வைத்து, சாயங்காலம் எண்ணெய் தொட்டு அழுத்தித் துடைத்து, மறுநாள் மறுபடி அதே இடத்தில் வைப்பது. சில மைகளில் ஈயம் இருக்கிறது. அது கை வழியாக வாய்க்கும் போகும். வைத்தே தீர வேண்டும் என்று வீட்டில் சொன்னால் வீட்டு மையை உள்ளங்காலில் வைத்து சாக்ஸ் போட்டுவிடுங்கள். கண் படுவது அங்கேயும் கழியும்.

அம்மாவின் நைட்டியில் உள்ள லேஸ், பட்டுப்புடவை ஜரிகை, அப்பாவின் இரண்டு நாள் தாடி, தோளில் அடித்த சென்ட் எல்லாமே கன்னத்தில் உரசுபவைதான். தூக்கும் தோளில் ஒரு மெல்லிய பருத்தித் துண்டு போட்டுக்கொண்டால் பாதிப் பிரச்சினை தீரும். ஏசியை 25, 26இல் வைத்து, காற்று முகத்தில் நேராக அடிக்காதபடி திருப்புங்கள். வாரம் ஒரு முறை நகம் வெட்டுங்கள்.

சளி பிடித்தால் மேலுதடு புண்ணாகும். மூக்குக்குக் கீழே மட்டும் வாஸலின் வையுங்கள், துவாரத்துக்குள் வேண்டாம். கற்பூரம், மெந்தால் கலந்த தைலங்களை இரண்டு வயதுக்குக் கீழே தொடாதீர்கள். கற்பூரம் வலிப்பு வரை கொண்டுபோகும்.

தக்காளி, ஆரஞ்சு போன்றவை பட்ட இடத்தில் மட்டும் சிவந்து சிறிது நேரத்தில் அடங்கினால் பெரும்பாலும் அது புளிப்பின் எரிச்சல். உடம்பில் வேறு இடங்களிலும் தடிப்பு, உதட்டு வீக்கம், வாந்தி, மூச்சிரைப்பு என்று வந்தால் அது அலர்ஜி. உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டும்.

வாஸலினால் தீராதவை

இரண்டு கன்னமும் சிவந்து, மூக்குநுனி மட்டும் தெளிவாக இருந்து, குழந்தை முகத்தைத் தோளில் தேய்த்துக்கொண்டே இருந்தால் எக்ஸிமா என்ற அரிப்புள்ள தோல் அழற்சியாக இருக்கலாம். தேன் நிறப் பொருக்கு கட்டினால் கிருமித் தொற்று. கழுத்து மடிப்பு செக்கச்செவேலென்று ஆகி ஓரத்தில் சின்னப் புள்ளிகள் தெரிந்தால் பூஞ்சை. அங்கே வாஸலின் போட்டால் கூடத்தான் செய்யும். கூட்டமாக நீர்க்கொப்புளம், கூடவே காய்ச்சல் என்றால் அன்றைக்கே டாக்டரிடம் போங்கள். உதட்டில் கொப்புளம் உள்ள பெரியவர்களிடமிருந்து இது தொற்றலாம். அவர்கள் குழந்தையை முத்தமிடக் கூடாது என்பதும் இதனால்தான்.

மருந்துக்கடையில் ‘சிவப்புக்கு ஒரு க்ரீம்’ என்று கேட்டு வாங்காதீர்கள். கையில் வருவது வீரியமான ஸ்டீராய்டும் பூஞ்சை மருந்தும் கலந்ததாக இருக்கலாம். இரண்டே நாளில் கன்னம் பளிச்சென்று ஆகும், தொடர்ந்தால் தோல் மெலியும், நிறுத்தினால் முன்னைவிட மோசமாகத் திரும்பும். டாக்டரே லேசான ஸ்டீராய்டு எழுதிக் கொடுத்தால் பயந்து பாதியில் விடவும் வேண்டாம், அவர் சொன்ன நாட்களைத் தாண்டவும் வேண்டாம்.

ஒரு வாரம் ஒழுங்காகச் செய்தும் மாறவில்லை என்றால் காட்டிவிடுங்கள். முதல் நாளே ஜன்னல் வெளிச்சத்தில், ஃபிளாஷ் இல்லாமல் கன்னத்தைப் போட்டோ எடுத்து வையுங்கள். டாக்டரைப் பார்க்கப் போகும் அன்று பார்த்து அது அடங்கியிருக்கும். இதுவரை பூசிய எல்லாவற்றையும், பாட்டி கலந்து கொடுத்தது உட்பட, ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள்.